இரவல் கூரையில் எரிந்த சுடர்: மாமல்லபுரத்துப் பழைய கலங்கரை விளக்கம்

மேடில்லாத கடற்கரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தில், மானாம்பதி முதலிய ஏரிப்பாசன ஊர்கள் அமைந்திருக்கும் நிலம் கிழக்கு நோக்கி மிக மெல்லச் சரிந்துகொண்டே போய்க் கடலில் முடிகிறது. இவ்வட்டாரத்தையொட்டி ஓடும் செய்யாறு, திருமுக்கூடலில் வேகவதியோடு சேர்ந்து பாலாற்றில் கலக்க, பாலாறு அங்கிருந்து தென்கிழக்காகத் திரும்பி, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூரை அடுத்து வங்கக் கடலில் விழுகிறது. ஆற்று மணலும், கரையோரமாக அலைகள் நகர்த்திச் செல்லும் கடல் மணலும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கரையில் கடலுக்குள் நீண்ட மலைமுகம் கிடையாது. கப்பல்கள் ஒதுங்கி நிற்கத்தக்க ஆழமான குடாவும் கிடையாது.

கலமோட்டிக்கு இத்தகைய கரை இரு வகையில் தொல்லை தருவது. நிலம் தாழ்ந்திருப்பதால், பகலிலேகூட வெகு அருகில் வரும்வரை கரை கண்ணுக்குப் புலப்படாது. புலப்பட்ட பின்னும், மணலும் பனையுமாக ஓர் இடம் மற்றோர் இடத்தைப் போலவே இருப்பதால், வந்து சேர்ந்தது எந்தத் துறை என்று தெளிவாகாது. மேலும், அலை உடையும் பகுதி அகலமானது என்பதால் பெரிய கலங்கள் கரையிலிருந்து விலகியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கையும் ஆட்களையும் கரை சேர்க்கும் வேலையை, பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் செய்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும்வரை, அந்த மாநகரின் வாணிகமும் இவ்வாறே நடந்தது.

இப்படிப்பட்ட கரையில் உயரமாக எது இருந்தாலும் அது கப்பலுக்கு உதவும். பாலாற்று முகத்துக்கு வடக்கே, மணல்வெளியின் நடுவே எழும் மாமல்லபுரத்துக் கருங்கல் குன்றும், அதன் உச்சியில் நிற்கும் ஒலக்கணேசுவரர் கோயிலும் அத்தகைய உயரங்கள். அக்கோயிலுக்குப் ‘பழைய கலங்கரை விளக்கம்’ என்ற பெயரும் உண்டு. பல்லவர் காலத்திலேயே அது கப்பல்களுக்கு வழிகாட்டியது என்று சுற்றுலா நூல்களும் வழிகாட்டிகளும் சொல்வதுண்டு. இக்கூற்றில் எவ்வளவு உறுதியானது, எவ்வளவு ஊகம் என்று பிரித்துப் பார்க்கும்போது, இக்கடற்கரையில் விளக்கொளி தனக்கென ஒரு கோபுரம் எழுப்பிக்கொள்ளாமல், வேறு நோக்கத்துக்காகக் கட்டப்பட்ட கட்டடங்களின் உயரத்தை நூற்றாண்டுகளாக இரவல் வாங்கியே எரிந்து வந்தது என்ற நீண்ட வரலாறு வெளிப்படுகிறது.

உயரமும் தொடுவானமும்

கலங்கரை விளக்கத்துக்கு உயரம் ஏன் வேண்டும் என்பதற்கு விடை பூமியின் வளைவில் இருக்கிறது. பார்ப்பவரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பவே தொடுவானம், அதாவது கடலும் வானும் சந்திப்பதுபோல் தோன்றும் கோடு, விலகிச் செல்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கடற்கரையில் 3 மீட்டர் உயரத்தில் எரியும் பந்தத்தின் தொடுவானம் சுமார் 6 கிலோமீட்டர். அதே பந்தத்தைக் கடல் மட்டத்துக்கு 30 மீட்டர் மேலே ஏற்றினால் தொலைவு ஏறத்தாழ 19.5 கிலோமீட்டராக நீள்கிறது. கப்பலின் மேல்தளத்தில் 4 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு 7 கிலோமீட்டர் அளவில் தனியாக ஒரு தொடுவானம் இருப்பதால், இரண்டையும் கூட்ட, அவர் அந்த ஒளியை 26 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே காணத்தக்க நிலை உண்டாகிறது. காற்றடுக்குகள் ஒளியைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் உண்மையான எல்லை இன்னும் கொஞ்சம் கூடும்.

எனினும் உயரம் தருவது வாய்ப்பை மட்டுமே. ஒளி கண்ணுக்கு எட்டுமா என்பது அதன் வலிமையைப் பொறுத்தது. ஓர் ஒளி மூலத்திலிருந்து விலக விலக, அதன் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகவும், நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்றாகவும் சுருங்கும். தெளிந்த இருளில் ஒரு மெழுகுவத்திச் சுடரை இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் வெறுங்கண்ணால் காண்பது அரிது என்பதால், 10 கிலோமீட்டர் தொலைவில் அதே மங்கலான புள்ளி தெரிவதற்கே பதினாறு சுடர்கள் வேண்டும். ஆடும் கப்பலில், உப்புச் சாரலுக்கும் மூடுபனிக்கும் நடுவே, தேடாமலே கண்ணில் படும்படி எரிய வேண்டுமானால் தேவை பன்மடங்காகிறது. ஆகவே பழங்காலக் கலங்கரை விளக்கத்துக்கு உயரமான இடம், பெருந்தீ, அந்தத் தீயை இரவுதோறும் அணையாமல் காக்கும் ஆட்களும் எரிபொருளும் என மூன்றும் ஒருங்கே வேண்டியிருந்தன. இவற்றுள் முதலாவது மட்டுமே கல்லாக எஞ்சக்கூடியது.

சங்கப் பாடலில் ஒரு தீ

தொண்டை நாட்டுக் கடற்கரையில் விளக்கு எரிந்ததற்கான மிகப் பழைய சான்று, கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிப்படுத்தும் இந்நூல், வழியில் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தைச் சொல்லும்போது, அங்கிருந்த உயர்ந்த மாடமொன்றின் உச்சியில் இரவில் கொளுத்தப்பட்ட தீ, கடலில் செல்லும் கலங்களைத் துறைக்கு அழைத்ததாகக் கூறுகிறது. அந்த மாடம் கூரை வேயப்படாதது. அதன் உச்சி ஏறுவதற்கு அரியது. ஏறுவதற்கு ஏணி சாத்தப்பட்டிருந்தது.

இம்மூன்று விவரங்களும் வெறும் அலங்காரங்கள் அல்ல என்பது, அவற்றைப் பொறியியல் கண்ணோடு பார்க்கும்போது விளங்கும். ஓலையோ புல்லோ வேய்ந்த கூரையின் மேல் திறந்த தீயை வளர்க்க இயலாது என்பதால், வேயாத மேல்தளம் இன்றியமையாத தேவை. எரிக்கப்பட்டது எண்ணெய்த் திரியன்று, விறகுக் கொள்ளி என்பதைப் பாடல் உணர்த்துவதால், அந்த உச்சிக்கு நாள்தோறும் விறகு ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஏணி அதற்குரிய வழியாகும். இதே புலவர் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தின் உயர்ந்த மாடங்களில் எரிந்த விளக்குகளைக் கடலில் மீன்பிடிக்கும் பரதவர் பார்த்து எண்ணும் காட்சி வருகிறது. அங்கே விளக்கு ஏற்றப்பட்டது வீடுகளுக்காக; கடலில் இருந்தவர்களோ அதைத் தங்களுக்குரிய குறியாகவும் கொண்டார்கள். ஊரின் உயரம் கடலுக்கும் பயன்படும் வழக்கத்தை இரு நூல்களிலும் ஒருசேரக் காணலாம்.

நீர்ப்பெயற்று எந்த ஊர் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாமல்லபுரம் என்பார் ஒருசாரார். பாலாற்று முகத்தையொட்டிய வயலூர், வசவசமுத்திரம் பகுதி என்பார் மற்றொரு சாரார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் வசவசமுத்திரத்தில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து மதுவும் எண்ணெயும் ஏற்றி வரப் பயன்பட்ட இருகாதுச் சாடிகளான ஆம்போராக்களின் துண்டுகளும், உட்புறத்தில் உருளை வரிக்கோலம் அமைந்த மட்கலத் துண்டுகளும், உறைகிணறுகளும் கிடைத்தன. காஞ்சியின் சரக்கு கடலையடையும் வாயில்களுள் பாலாற்று முகம் ஒன்றாக இருந்தது என்பதற்கு இவை போதிய சான்று.

அலெக்சாந்திரியாவும் தொண்டை நாடும்

அந்தச் சாடிகள் எந்த உலகத்திலிருந்து வந்தனவோ, அந்த உலகின் தலைவாசலில்தான் பழங்காலத்தின் மிகப் புகழ்பெற்ற கலங்கரை விளக்கம் நின்றது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில், ஃபேரோஸ் என்னும் சிறு தீவின்மேல், கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் தாலமியின் ஆட்சியில் கட்டி முடிக்கப்பட்ட அக்கோபுரம், அடியில் சதுரமும் நடுவில் எண்கோணமும் மேலே உருளையுமாக மூன்று அடுக்குகளில் 100 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருந்தது என்று மதிப்பிடப்படுகிறது. நைடஸ் நகரத்து சோஸ்திராதசின் பெயர் அதனோடு இணைத்துப் பேசப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த நிலநடுக்கங்களால், குறிப்பாக 1303ஆம் ஆண்டின் பெருநடுக்கத்தால் சிதைந்த அக்கோபுரத்தின் இடத்தில், 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுல்தான் காயித்பே ஒரு கோட்டையைக் கட்டினார்; 1994 முதல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் ஈவ் எம்பெரர் தலைமையில் நடந்த கடலடி ஆய்வில் பெருங்கற்கள் பல கண்டறியப்பட்டன.

தமிழகத்துச் சரக்கு அந்த ஒளியின் அருகே சென்றது வெறும் கற்பனையன்று. இன்று வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணமொன்று, முசிறியிலிருந்து ‘ஹெர்மாபோலான்’ என்னும் கப்பலில் ஏற்றிவந்த பொருள்களைச் செங்கடலிலிருந்து பாலைவழியாகக் கோப்தோசுக்கும், அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கும் கொண்டு சேர்ப்பது பற்றிப் பேசுகிறது.

எகிப்தின் கரையும் தட்டையானதே. அங்கே தனிக் கோபுரம் எழ, இங்கே மாடத்தின் உச்சியே போதுமானதாக இருந்தது ஏன் என்ற வினாவுக்கு, இரு துறைமுகங்களின் இயல்பிலிருந்து ஒரு விடையை ஊகிக்கலாம். அலெக்சாந்திரியா பாறைத் தீவின் மறைவில் அமைந்த நிலையான துறைமுகம். ஒரு பேரரசின் வருவாய் முழுவதும் அந்த ஒரே வாயிலில் குவிந்தது. சோழமண்டலக் கரையிலோ, மணல் சேர்ந்து ஆற்றுமுகங்கள் அடைபடுவதும் இடம் மாறுவதும் இயல்பு. அதற்கேற்பத் துறைகளும் மாறின. நாளை தூர்ந்துபோகக்கூடிய துறைக்கு நூறு மீட்டர்க் கோபுரம் எழுப்புவதைவிட, இருக்கும் மாடத்தில் தீயை ஏற்றுவதே இந்நிலத்துக்கு இசைந்த வழி.

குன்றின் மேல் கோயில்

மாமல்லபுரத்துக் குன்றின் பக்கத்தில் குடையப்பட்டிருக்கும் மகிடாசுரமர்த்தினி மண்டபத்துக்கு நேர் மேலே, பாறையில் செதுக்கிய செங்குத்தான படிகள் வழியாக ஏறிச் சென்றால் ஒலக்கணேசுவரர் கோயிலை அடையலாம். குடைவரையைப் போல மலையைக் குடையாமல், வெட்டிய கருங்கற்களை அடுக்கிக் கட்டிய இக்கோயில், கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் எழுப்பிய இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மனின் காலத்தை, அதாவது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று கொள்ளப்படுகிறது. வாயிலின் இருபுறமும் வாயிற்காவலர் உருவங்களும், புறச்சுவர்களில் கைலாயத்தைப் பெயர்க்க முயலும் இராவணன், தட்சிணாமூர்த்தி, ஆடும் சிவன் ஆகிய சிற்பங்களும் இருக்கின்றன. கருவறைக்கு மேலே இருந்திருக்க வேண்டிய விமானம் மட்டும் இன்று இல்லை. தட்டையான மேற்பரப்பே எஞ்சியிருக்கிறது.

அந்தத் தட்டையான மேற்பரப்பில்தான் இந்த ஆய்வின் முடிச்சு இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1887ஆம் ஆண்டு, கப்பல்களுக்கான விளக்கு இக்கோயிலின் கூரைமேல் அமைக்கப்பட்டது. ‘பழைய கலங்கரை விளக்கம்’ என்ற பெயருக்கு அடிப்படையான உறுதியான நிகழ்ச்சி இதுவே. விமானம் நின்ற காலத்தில் கருவறைக்கு மேலே விளக்கு வைப்பதற்கான தளமே இருந்திராது. இறைவன் திருமேனிக்கு நேர் மேலே ஆட்கள் ஏறி விறகு எரிப்பது கோயில் மரபோடும் பொருந்தாது. எனவே பல்லவர் காலத்தில் கோயிலின் கூரைமேல் தீ எரிந்தது என்று கொள்வது கடினம். ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள வெறும்பாறையில் தீ வளர்க்க எத்தடையும் இல்லை. கி.பி. 720இல் சீனத்துத் தாங் அரசவைக்குத் தூது அனுப்பும் அளவுக்குக் கடலுறவு கொண்டிருந்த அரசன், தன் துறைமுகத்தின் மிக உயர்ந்த இடத்தை இரவில் இருளில் விட்டிருப்பானா என்ற கேள்வி நியாயமானதே. எனினும் அது கேள்வியாகவே நிற்கிறது, சான்றாகாது.

அணையா விளக்கின் கணக்கு

தீயை அணையாமல் காப்பதற்கான ஏற்பாட்டை அக்காலச் சமூகம் அறிந்திருந்ததா என்றால், அதற்குக் கல்வெட்டுகள் ஐயமின்றி விடை தருகின்றன. கோயிலில் இரவும் பகலும் எரிய வேண்டிய நந்தா விளக்குக்காக, தொண்டை நாட்டிலும் சோழ நாட்டிலும் மக்கள் பொதுவாகத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கொடையளித்தனர். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அதாவது நாழியில் நான்கில் ஒரு பங்கு, கோயிலுக்கு அளந்தாக வேண்டும். கிழடு தட்டியவற்றுக்கும் இறந்தவற்றுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காப்பது அவர்கள் பொறுப்பு என்பதால், இவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடுகள்’ என்று எழுதப்பட்டன. எரிபொருளை முதலாக வைக்காமல், எரிபொருளைத் தந்துகொண்டே இருக்கும் உயிருள்ள முதலைக் கொடுத்தது இம்முறையின் நுட்பம்.

பொதுச்சொத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் அமைப்பும் இதே வட்டாரத்தில் இருந்தது. மானாம்பதிக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் விரிவாக விவரிக்கின்றன. ஒரு விளக்கின் ஓர் உழக்கு நெய் கடலுக்குள் வெகுதூரம் எட்டாது என்பதை முன்னர்ச் சொன்ன ஒளிவிதி காட்டுகிறது. ஆயினும், இரவு தவறாமல் எரிய வேண்டிய தீயை யார் பொறுப்பில், எந்த வருவாயில் நடத்துவது என்பதற்கான வழிமுறை இச்சமூகத்திடம் முழு வளர்ச்சியோடு இருந்தது.

பகலில் தெரியும் குறி

கப்பலுக்கு வழிகாட்ட எப்போதும் தீ வேண்டுமென்பதில்லை. உயர்ந்த கட்டடத்தின் வடிவமே பகலில் அடையாளமாக உதவும். இதனைப் பகற்குறி எனலாம். ஐரோப்பியக் கப்பலோட்டிகள் மாமல்லபுரத்தை ‘ஏழு கோயில்கள்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தது, கடலிலிருந்து கண்ட காட்சியோடு தொடர்புடையது என்று கருதப்படுகிறது.

இதற்கு இன்னும் தெளிவான சான்று நாகப்பட்டினத்தில் உண்டு. முதலாம் இராசராசனின் ஆதரவோடு ஸ்ரீவிசய அரசன் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட செங்கற் கோபுரமொன்று, ‘சீனக் கோயில்’ என்ற பெயரோடு 19ஆம் நூற்றாண்டு வரை நின்று, மாலுமிகளுக்குக் குறியாக விளங்கியது. சர் வால்டர் எலியட் 1846இல் அதைக் கண்டு பதிவு செய்தார். 1867இல் அது இடிக்கப்பட்டது. பௌத்த வழிபாடு அங்கே மறைந்து நெடுங்காலம் ஆன பின்னும், கடலிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பயன்பட்டுக்கொண்டே இருந்தது. தனிக் கோபுரம் அறவே இல்லை என்றும் சொல்ல இயலாது: தெற்கே கோடியக்கரையில் முதலாம் பராந்தகன் காலத்தது என்று சொல்லப்படும் விளக்குக் கோபுரத்தின் எச்சம் 2004 ஆழிப்பேரலையில் பெரிதும் சிதைந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியாகத் தமிழ் வாசகர் பலர் கோடிக்கரை விளக்கத்தை அறிவர்.

கோட்டை, கோயில், நீதிமன்றம்

ஐரோப்பியர் வந்த பின்னும் பழைய வழக்கம் மாறிவிடவில்லை. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல், புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் கூரைமேல் தேங்காயெண்ணெய் விளக்குகளோடு தொடங்கியது. இன்று உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கிரேக்கப் பாணிக் கற்றூண் 1844இல் செயல்படத் தொடங்கியபோதுதான் விளக்கு தனக்கென ஒரு கோபுரத்தைப் பெற்றது. ஆனால் 1894இல் அது மீண்டும் ஒரு கூரைக்கே திரும்பியது: புதிதாகக் கட்டப்பட்ட உயர்நீதிமன்றத்தின் மிக உயர்ந்த குவிமாடத்தில் விளக்கு பொருத்தப்பட்டு, 1977இல் மெரினாவில் இப்போதைய கோபுரம் வரும்வரை, எட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் அங்கேயே எரிந்தது. கோட்டைக் கூரை, கோயில் கூரை, நீதிமன்றக் குவிமாடம் என்ற இவ்வரிசையில் வைத்துப் பார்த்தால், 1887இல் ஒலக்கணேசுவரர் கோயிலின் மேல் விளக்கு ஏற்றப்பட்டது தற்செயலாகத் தோன்றாது.

மாமல்லபுரத்தில் இம்முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது ஒளியியலின் வளர்ச்சி. பிரெஞ்சு இயற்பியலாளர் ஒகுஸ்தன் ஃபிரெனல் வடிவமைத்து, 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாகப் பொருத்திய வில்லை, ஒரே பெரிய கண்ணாடிக் கட்டியாக இல்லாமல், வளையம் வளையமாக அமைந்த பட்டகங்களின் தொகுப்பாக இருந்தது. விளக்கிலிருந்து மேலும் கீழுமாகச் சிதறி வீணாகும் ஒளியையும் இந்த வளையங்கள் வளைத்துக் கடலை நோக்கிய ஒரே கற்றையாகத் திரட்டின. வில்லைத் தொகுதியைச் சுழலவிட்டால் கற்றை மின்னி மின்னி மறையும். மின்னலுக்கும் மின்னலுக்கும் இடைப்பட்ட நேரம் விளக்குக்கு விளக்கு வேறுபடும்படி வைத்ததால், தெரிவது எந்த ஊர் விளக்கு என்பதை மாலுமி கடிகாரத்தைக் கொண்டே கண்டுகொள்ள முடிந்தது. கரையில் எல்லா இடமும் ஒன்றுபோல் தோன்றும் சோழமண்டலத்தின் பழைய சிக்கலுக்கு இதுவே முழுமையான தீர்வு. கனமான கண்ணாடியையும் சுழல் இயந்திரத்தையும் தாங்கி, அதிர்வில்லாமல் நிற்பதற்குத் தனிக் கட்டடம் தேவைப்பட்டது. மாமல்லபுரத்தில் அதே குன்றின்மேல், கோயிலுக்கு அருகிலேயே, கல்லால் கட்டப்பட்ட வட்டக் கோபுரம் 1904இல் முழு அளவில் செயல்படத் தொடங்கியது. கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மாமல்லபுரத்து மரபுச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பெயரும் சான்றும்

எனவே, ஒலக்கணேசுவரர் கோயில் கலங்கரை விளக்கமாகக் கட்டப்படவில்லை. அதன் கூரையில் விளக்கு எரிந்ததற்கான உறுதியான வரலாறு 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயினும் இக்கடற்கரையில் துறைமுகத் தீ சங்க காலத்திலேயே எரிந்தது. இவற்றுள் ஒன்றை மற்றொன்றால் மறைக்கத் தேவையில்லை. கோயிலைப் பல்லவர் கட்டிய கலங்கரை விளக்கம் என்று சொல்வது சான்றை மீறுவதாகும். இங்கே கோபுரம் எதுவும் எஞ்சவில்லை என்பதால் பழந்தமிழர்க்குக் கலங்கரை விளக்கமே இல்லை என்பதும் அதே அளவு பிழையாகும். இரவல் கூரையில் எரிந்த விறகுத் தீயின் சாம்பலைக் காற்றும் மழையும் கொண்டுபோய்விட, கட்டடம் தன் முதற்பயனின் பெயரால், கோயிலாகவோ மாளிகையாகவோ, வரலாற்றில் பதிவாகிறது.

ஆகவே சோழமண்டலக் கரையின் பழங்கலங்கரை விளக்கங்களைத் தேடும் ஆய்வாளர், அலெக்சாந்திரியாவை மனத்தில் வைத்துக்கொண்டு தனிக் கோபுரங்களின் அடித்தளத்தை மட்டும் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். பழைய ஆற்றுமுகம் எங்கே இருந்தது, அதன் அருகே மிக உயர்ந்திருந்தது எது, அதன் உச்சியில் தீக்கு இடமிருந்ததா, அத்தீக்கு எரிபொருள் தரும் பொறுப்பை எந்த ஊரும் எந்தக் கொடையும் ஏற்றிருக்கக்கூடும் என்ற நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதே பயன் தரும். அவற்றுக்கான விடைகளில் பாதி கடற்கரை மணலடியிலும், மறுபாதி காஞ்சிக்கும் உத்திரமேரூருக்கும் இடையிலுள்ள உள்நாட்டுக் கோயில் சுவர்க் கல்வெட்டுகளிலும் கிடைக்க வாய்ப்புண்டு.